சாவி தருகிறார்கள், சான்றிதழ் இல்லை: குடி போகலாமா?

நங்கநல்லூரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஏழு வருடமாக ஒரே வாடகை வீடு. மாடியில் இவர்கள், கீழே ஓய்வுபெற்ற ஹவுஸ் ஓனரும் அவர் மனைவியும். வாடகை 24,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். மேடவாக்கத்தைத் தாண்டி 64 வீடுகள் கொண்ட அடுக்குமாடியில் நான்காவது மாடியில் ஒரு ஃபிளாட்டை 60 லட்சத்துக்கு வாங்கியிருக்கிறார்கள். நிலப் பங்கு பதிவாகிவிட்டது. வங்கிக் கடனும் சொந்தக் காசுமாக 57 லட்சம் கட்டியாகிவிட்டது. ஒப்பந்தப்படி 2025 மார்ச் 31-க்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும், அதற்கு மேல் ஆறு மாதம் சலுகைக் காலம். செப்டம்பரில் பில்டர் அலுவலகத்தில் “கார்த்திகையில கிரகப்பிரவேசம் வெச்சுக்கலாம், தைரியமா பத்திரிகை அடிங்க” என்றார்கள். அதை நம்பி அக்டோபர் முதல் வாரம், டிசம்பர் 31-க்குள் காலி செய்வதாகக் கையெழுத்திட்ட கடிதத்தை ஹவுஸ் ஓனரிடம் கொடுத்துவிட்டார்கள். அவரும் வேறொரு குடும்பத்திடம் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். மகளை ஜூனிலேயே புது வீட்டுப் பக்கம் உள்ள பள்ளியில் சேர்த்தாயிற்று. அவள் தினமும் காலை ஆறரைக்கு வேன் ஏறுகிறாள்.

இப்போது பில்டர், பணி நிறைவுச் சான்றிதழ் பொங்கலுக்குப் பிறகுதான் என்கிறார். மழையால் வேலை நின்றதாம். “மார்கழி பிறக்கறதுக்குள்ள பால் காய்ச்சிக் குடி வந்துடுங்க, சாவி தர்றேன், பேப்பரெல்லாம் பின்னாடி வரும்” என்று ஒரு கடிதத்தை நீட்டியிருக்கிறார். ஹவுஸ் ஓனரோ, ஜனவரி முதல் தேதி தாண்டினால் இரட்டை வாடகை என்கிறார். “குடி போய்விடலாமா? இல்லை, ஏழு வருடம் இருந்த வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் இருக்க எங்களுக்கு உரிமை இல்லையா? வாடகையும் கட்டி, வங்கிக்கும் கட்டி மூச்சு முட்டுகிறது. பில்டர் தரும்வரை இ.எம்.ஐ.யை நிறுத்தலாமா?” என்று கேட்கிறார். கடைசியில், “பத்திரிகை வாங்கிக்கொண்டவர்கள் எல்லாம் ‘எப்போ பால் காய்ச்சறீங்க’ என்று கேட்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை” என்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தோடு பில்டர் நீட்டிய காகிதத்தின் புகைப்படத்தையும் அனுப்பியது நல்ல காரியம். அதில் நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பது அதைவிட நல்ல செய்தி. இதைப் படிக்கும்வரை மட்டுமல்ல, படித்த பிறகும் போடாதீர்கள்.

நீங்கள் இரண்டு தேதிகளை ஒன்றோடொன்று கட்டிவிட்டீர்கள். பில்டர் வாயால் சொன்ன தேதி ஒன்று, ஹவுஸ் ஓனருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த தேதி இன்னொன்று. முதலாவது வெறும் பேச்சு, இரண்டாவது உங்களைக் கட்டுப்படுத்தும் காகிதம். தவறு என்று குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. என் அலுவலகத்துக்கு வரும் பத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் இதையேதான் செய்திருக்கிறார்கள். இனி செய்ய வேண்டியது இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான். வாடகை வீட்டுப் பிரச்சினையை ஹவுஸ் ஓனரோடு தீருங்கள், பில்டர் பிரச்சினையைப் பில்டரோடு தீருங்கள். ஒன்றிலிருந்து தப்பிக்க இன்னொன்றில் போய் விழுந்துவிடாதீர்கள்.

ஹவுஸ் ஓனர் விஷயம்

“ஏழு வருஷம் இருக்கிறோம், அக்ரிமென்டும் புதுப்பிக்கவில்லை, அதனால் அவர் எங்களை அசைக்க முடியாது” என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது பழைய காலத்து நினைப்பு. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். ஒப்பந்தம் போடாமல் இருப்பதே, வீட்டைத் திரும்பக் கேட்க உரிமையாளருக்கு ஒரு காரணமாகிறது. உங்களுக்குப் பலம் என்று நினைத்தது உண்மையில் பலவீனம்.

உங்கள் கடிதம் இன்னும் நேரடியாகப் பாதிக்கிறது. வாடகைதாரர் காலி செய்வதாக எழுதிக் கொடுத்து, அதை நம்பி உரிமையாளர் வேறு ஏற்பாடு செய்து, இப்போது வீடு கிடைக்காவிட்டால் அவருக்குப் பெரிய பாதிப்பு என்றால், அதையும் காலி செய்யச் சொல்வதற்கான காரணமாக அந்தச் சட்டம் தனியாகவே வைத்திருக்கிறது. அவர் டோக்கன் வாங்கியிருப்பதால் இது உங்களுக்குப் பொருந்தும். கொடுத்த கடிதத்தை நீங்கள் மட்டும் நினைத்துத் திரும்பப் பெறவும் முடியாது, அவர் சம்மதம் வேண்டும். கெடு தாண்டி இருந்தால் இரட்டை வாடகை கேட்கவும் அவருக்கு இடம் இருக்கிறது. அவர் சும்மா மிரட்டவில்லை.

அதே சமயம் ஜனவரி 1-ஆம் தேதி காலையில் உங்கள் சாமான்களைத் தூக்கித் தெருவில் வைக்க அவரால் முடியாது. வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. மோட்டார் சுவிட்சை அணைப்பது, ஈ.பி. ஃபியூஸைப் பிடுங்குவது எல்லாம் சட்டப்படி தடை. ஆகவே தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பாதுகாப்பை ஆயுதமாக எடுத்துக்கொண்டு அவரிடம் போகாதீர்கள். ஏழு வருடம் பண்டிகைக்குப் பண்டிகை பட்சணம் மாற்றிக்கொண்ட மனிதர் அவர். புதிதாக வரப்போகிற குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறார்.

நீங்களும் கணவரும் சேர்ந்து போங்கள், போனில் வேண்டாம். பில்டரின் மெயிலைக் காட்டுங்கள். பிப்ரவரி 15 வரை, அதாவது ஆறு வாரம் கேளுங்கள். அந்தக் காலத்துக்கு வாடகை 30,000 தருகிறோம் என்று நீங்களே சொல்லுங்கள். டோக்கன் கொடுத்த குடும்பம் காத்திருக்கச் சம்மதித்தால் அவர்களுடைய ஒரு மாதச் சிரமத்துக்கு ஒரு தொகையை ஏற்கலாம். அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டால் டோக்கனைத் திருப்பிக் கொடுப்பதில் அவருக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ளலாம். அவர் தலையசைத்தால் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: புதிய கடைசித் தேதி, அந்த இடைக்கால வாடகை, அதுவரை இரட்டை வாடகை கேட்பதில்லை என்ற ஒரு வரி, அட்வான்ஸ் எந்தத் தேதியில் திரும்பும், பெயின்ட் அடிக்க எவ்வளவு கழிப்பார். பெயின்ட் கணக்கைக் கடைசி நாளுக்கு விட்டுவைக்காதீர்கள். நல்ல உறவுகள் முறிவது பெரும்பாலும் அங்கேதான். சட்டப்படி, நியாயமான கழிவு போக மீதி அட்வான்ஸை நீங்கள் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அவர் தர வேண்டும்.

அவர் முடியாது என்றால்? அப்போதும் பில்டரின் சாவி தீர்வு ஆகாது. ஆறு வாரத்துக்கு ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட், அல்லது மகளின் பள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு சின்ன வீடு என்று பாருங்கள். சாமான்களைப் பேக்கர்ஸ் கோடவுனில் மாத வாடகைக்கு வைக்கலாம். ஆகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். மார்கழியில் வீடு மாறுவதா என்று மாமியார் தயங்குவார். தற்காலிகமாகத் தங்கப்போகும் இடத்துக்கு அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

அந்தச் சாவிக் கடிதம்

பில்டர் நீட்டிய கடிதத்தை நிதானமாகப் படித்தேன். முதல் பத்தி வாழ்த்து. இரண்டாவது பத்தி, உள்வேலைகளுக்காக வீட்டை ஒப்படைப்பதாகச் சொல்கிறது. மூன்றாவது பத்தியில்தான் விஷயம்: “வீட்டைத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன். தாமதம் குறித்தோ கட்டுமானம் குறித்தோ எனக்கு எவ்விதக் கோரிக்கையும் இல்லை.” நான்காவது பத்தி, மீதி 3 லட்சத்தையும் ஒரு வருடப் பராமரிப்புக் கட்டணத்தையும் உடனே கட்டச் சொல்கிறது. இது சாவிக்கான ரசீது அல்ல, உங்கள் உரிமையை நீங்களே எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம். இப்படிக் கையெழுத்து வாங்கியதை எதிர்த்து வாதாட வழி உண்டு என்றாலும், போடாத கையெழுத்துக்கு வாதாட வேண்டிய அவசியமே இல்லை.

சான்றிதழ் வெறும் ‘பேப்பர்’ என்று பில்டர் சொல்வதை ஏற்காதீர்கள். உங்கள் கட்டடம் போன்ற அடுக்குமாடிக்கு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பணி நிறைவுச் சான்றிதழ் இருந்தால்தான் நிரந்தர மின் இணைப்பும், குடிநீர், கழிவுநீர் இணைப்பும் கிடைக்கும். அது இல்லாமல் குடியேறிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பில்தான் அந்தக் கட்டடம் ஓடியது. வீடுகளுக்கான 100 யூனிட் சலுகையெல்லாம் கிடையாது, யூனிட் கட்டணமும் அதிகம். பில்டரின் ஆள் மாதம்தோறும் ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார். தண்ணீர் முழுக்க லாரி. லிஃப்டுக்கு மின் ஆய்வுத் துறையின் உரிமம் வாங்கவில்லை, அதனால் பாதி நாள் பூட்டு. அந்த வீட்டுப் பெரியவர் மூன்றாவது மாடிக்கு ஏற, இடையில் உட்காருவதற்காக இரண்டாவது மாடி நடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்தார்கள். சான்றிதழுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. உங்கள் மாமியாருக்கு முழங்கால் தேய்மானம் என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் வீடு நான்காவது மாடியில். அந்த ஸ்டூல் என் நினைவுக்கு வந்துவிட்டது.

நீங்கள் குடியேறிவிட்டால், சான்றிதழ் வாங்கும் அவசரம் பில்டருக்கு இருக்காது. இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. மும்பையில் 1997-இல் குடியேறிய ஒரு வீட்டு வசதிச் சங்கத்தினர், கட்டடத்தில் குடியேறலாம் என்று மாநகராட்சி தரும் சான்றிதழ் கிடைக்காமல் வருடக்கணக்கில் 25 சதவீதம் கூடுதல் சொத்து வரியும் 50 சதவீதம் கூடுதல் தண்ணீர்க் கட்டணமும் கட்டினார்கள். சான்றிதழ் வாங்கித் தராதது சேவைக் குறைபாடுதான், அது தொடர்ந்து நடக்கும் தவறு என்று உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகச் சொன்னது 2022 ஜனவரியில். கால் நூற்றாண்டு கழித்து வந்த நியாயம் அது.

பத்திரிகை அடித்தாயிற்றே என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. பால் காய்ச்சுவது வேறு, குடி போவது வேறு. கார்த்திகையிலேயே செய்துவிட வேண்டும் என்று மாமியார் ஆசைப்பட்டால், “பூஜைக்காக ஒரு நாள் மட்டும் வீட்டைத் திறந்து தாருங்கள், இது வீட்டை ஒப்படைத்ததாகாது” என்று பில்டருக்கு ஒரு மெயில் அனுப்பி, அவர் சரி என்று பதில் போட்ட பிறகு செய்யுங்கள். பூஜை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்து அதையும் மெயிலில் எழுதுங்கள். என்னைக் கேட்டால் தைக்குத் தள்ளிவைப்பதுதான் நல்லது. தேதி மாறிவிட்டது என்று உறவினர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். தவணை தவறியது பில்டர். நீங்கள் ஏன் தலை குனிய வேண்டும்?

வாடகையைக் கேட்பதா, வட்டியைக் கேட்பதா?

“வாடகையைப் பில்டர் தானாகவே திருப்பித் தர வேண்டும் அல்லவா” என்று கேட்டிருக்கிறீர்கள். தானாக எதுவும் வராது. ஆனால் நீங்கள் கேட்பதைவிட அதிகமான உரிமை உங்களுக்கு இருக்கிறது. ‘ரெரா’ எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன் 18-ஆவது பிரிவின்படி, வீட்டை வைத்துக்கொள்ள விரும்பும் நபருக்கு, ஒப்படைக்கும் வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் பில்டர் வட்டி தர வேண்டும். தமிழ்நாட்டு விதிப்படி, பாரத ஸ்டேட் வங்கியின் உச்ச எம்.சி.எல்.ஆர். (கடன்களுக்கு வங்கி வைக்கும் அடிப்படை விகிதம்) வட்டியோடு 2 சதவீதம் சேர்த்து. கணக்குப் புரிவதற்காக ஆண்டுக்கு வெறும் 10 சதவீதம் என்று வைத்தால்கூட, நீங்கள் கட்டிய 57 லட்சத்துக்கு மாதம் 47,500 ரூபாய். உங்கள் வாடகையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஹவுஸ் ஓனருக்கு 30,000 தரச் சொன்னபோது உங்களுக்குத் திக்கென்று இருந்திருக்கும், இப்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தாமதத்தை எங்கிருந்து எண்ணுவது? நீங்கள் கையெழுத்திட்ட சலுகைக் காலத்தையும் சேர்த்து, 2025 அக்டோபர் 1 முதல் எண்ணினால் வம்பில்லை. ரெரா இணையதளத்தில் திட்டத்துக்குப் புதிய முடிவுத் தேதி காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். பில்டர் ரெரா ஆணையத்திடம் வாங்கிக்கொள்ளும் நீட்டிப்பு, உங்களோடு போட்ட ஒப்பந்தத் தேதியைத் திருத்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2017-லேயே விளக்கியிருக்கிறது. மழை என்ற காரணமும் அவ்வளவு சுலபமாகச் செல்லாது. சட்டம் சொல்வது போர், வெள்ளம், புயல், பூகம்பம் போன்ற பேரிடர்களை. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும் என்பது பில்டருக்கு முன்பே தெரிந்த விஷயம்.

வாடகை, சர்வீஸ் அபார்ட்மென்ட், கோடவுன், வேன் செலவு போன்றவற்றை இழப்பீடாகத் தனியே கேட்கலாம். அதைத் தீர்மானிப்பவர் ரெராவின் தீர்ப்பு அலுவலர், அவர் ஆதாரம் கேட்பார். அதற்காகத்தான் ரசீதுகளைச் சேர்க்கச் சொன்னேன்.

புகார் போட்டால் வேலையே நின்றுவிடும் என்று பில்டரின் ஆட்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தாமத வட்டி கேட்டு ஒருவர் தரும் புகார் கட்டுமானத்தை நிறுத்தாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எழும்பூரில் இருக்கும் ஆணையத்தில் உத்தரவு வாங்குவது ஒரு வேலை, அந்தப் பணத்தைக் கையில் வாங்குவது இன்னொரு வேலை. உத்தரவுக்குப் பிறகும், அரசு வரி பாக்கியை வசூலிப்பதுபோல் பணத்தை வசூலிக்கும் வருவாய் வசூல் நடவடிக்கை வரை போக வேண்டி வரலாம். ஆகவே உங்கள் கையில் இப்போதே இருக்கும் பிடி அந்த மீதி 3 லட்சம்தான். சான்றிதழ் வந்து, வீட்டை ஒப்படைக்கும்போது, சேர்ந்துள்ள தாமத வட்டியை இதில் கழித்துக்கொள்ளச் சொல்லி இன்றே பதிவுத் தபாலிலும் மெயிலிலும் எழுதுங்கள். பல பில்டர்கள் இந்தக் கட்டத்திலேயே பேச்சுக்கு வருகிறார்கள். வராவிட்டால் ரெரா. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், நீங்கள் கட்டிய தொகை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் மாநில ஆணையம். இரண்டு வழியும் திறந்தே இருப்பதாக உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒரே நிவாரணத்தை இரண்டு இடத்தில் கேட்க வேண்டாம்.

வீடே வேண்டாம், பணத்தை வட்டியோடு கொடு என்று கேட்கவும் 18-ஆவது பிரிவில் இடம் உண்டு. அது நிபந்தனையற்ற உரிமை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் கட்டடம் முடிந்து சான்றிதழுக்காக மட்டும் நிற்கும் நிலையில், நிலப் பங்கும் பதிவான பிறகு, மகள் அந்தப் பக்கமே படிக்கும்போது, அந்த வழியை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கோபத்தில் எடுக்கிற முடிவாக அது ஆகிவிடும்.

இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள்

பில்டரின் தாமதத்துக்கும் வங்கிக்கும் சம்பந்தமில்லை. கடன் வாங்கியவர் நீங்கள். ஒரு தவணை தவறினாலும் சிபில் மதிப்பெண்ணில் ஏறிவிடும். வங்கியிடம் எழுத வேண்டியது வேறு: பணி நிறைவுச் சான்றிதழின் நகலும் என் எழுத்துப்பூர்வமான சம்மதமும் இல்லாமல் கடைசித் தவணையைப் பில்டருக்கு விடுவிக்காதீர்கள் என்று கிளை மேலாளருக்கு ஒரு கடிதம். அதில் வங்கியின் முத்திரையோடு ஒரு நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்றுதான்: ஹவுஸ் ஓனரைப் பார்ப்பது, பில்டருக்கு எழுதுவது, வங்கிக்கு எழுதுவது. இந்த வரிசையிலேயே செய்யுங்கள், தங்க இடம் உறுதியானால் பில்டரிடம் உங்கள் குரல் நடுங்காது. மற்ற 63 வீட்டுக்காரர்களில் நாலைந்து பேராவது இதே கடிதத்தை வாங்கியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டடத்துக்குப் போனால் அவர்களைச் சந்திக்கலாம். யார் யார் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று விசாரித்து வையுங்கள்.

சான்றிதழ் வந்துவிட்டது என்று பில்டர் சொன்னால், எண்ணும் தேதியும் உள்ள நகலைக் கையில் வாங்கி, சி.எம்.டி.ஏ.வில் சரிபார்த்த பிறகு வீட்டைப் பாருங்கள். அதற்குப் பிறகு நீங்களும் இழுத்தடிக்க முடியாது, இரண்டு மாதத்துக்குள் வீட்டைப் பெற்றுக்கொள்வது உங்கள் கடமை. அன்றைக்கு அவர் வேறொரு கடிதத்தை நீட்டுவார். அதில் “கோரிக்கை இல்லை” என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு, “தாமத வட்டிக்கான என் உரிமைக்கு உட்பட்டுப் பெற்றுக்கொள்கிறேன்” என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

ஹவுஸ் ஓனர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அவர் தாளில் கையெழுத்துப் போட மறுத்தால், ஜனவரி வாடகையை எப்படிக் கட்டுவது, எந்த வார்த்தைகளில் பதில் அனுப்புவது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.